சீட் பெல்ட்டின் கடைசி முழம்

என் வேலை கார் கதவுகள். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடங்களாக அதைத்தான் பார்க்கிறேன். புது மாடல் வெளியே வருவதற்கு முன் அதன் கதவை ஓர் இயந்திரக் கை ஆயிரக்கணக்கான முறை திறந்து அறைந்து மூடும். எத்தனையாவது தடவை அறையும்போது கீல் தளர்கிறது, ரப்பர் எப்போது கிழிகிறது, பூட்டு எங்கே சிக்குகிறது என்று நான் பக்கத்தில் நின்று பார்த்து எழுதுவேன். தொழிற்சாலையில் பலருக்கு என் பெயர் தெரியாது. ‘கதவு மேடம்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்.

நான் பார்த்த கதவுகள் எல்லாமே குடும்பக் கார்களின் கதவுகள். ஐந்து பேர் உட்கார்ந்து, பின்னால் பெட்டி படுக்கை வைத்து, திருப்பதிக்குப் போய் வருகிற கார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் யாரோ ஒரு விருந்தாளி ஓட்டிவந்த ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார் எங்கள் முற்றத்தில் வழியை அடைத்துக்கொண்டு நின்றது. சாவியை என் கையில் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்னார்கள். ஐம்பது மீட்டர் ஓட்டியிருப்பேன். ரோட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. அதன் கதவை மூடியபோது வந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. சின்னச் சத்தம்தான், ஆனால் கனமான சத்தம். அன்றைக்குப் பிடித்த ஆசை. நாற்பத்தைந்து வயதில்தான் அதை வாய்விட்டு வீட்டில் சொன்னேன். பழைய கார் என்றால் எங்கள் சக்திக்குள் கிடைக்கும் என்று தெரிந்த பிறகு.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், செங்கல்பட்டில் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருக்கும் என் கணவர், என் அப்பா. அப்பா இளம் வயதில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர், பிறகு ரயில்வேயில் தண்டவாள வேலைக்குப் போனவர். விற்பனைக்கு வந்திருந்த ஒரு பழைய ஜெர்மன் காரின் படத்தைப் போனில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

“இன்னாமா இது, ரெண்டு பேருதான் குந்த முடியும்போல கீதே? வூட்ல மூணு பேரு கீறோம்.”

“ஒருத்தர் ஒருத்தரா போலாம்ப்பா.”

“பஸ்ஸு மாதிரி ட்ரிப் அடிப்பியா?” என்று கேட்டுவிட்டு அவர் டீவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

படத்தில் இருந்த கார் மகாபலிபுரம் தாண்டி ஒரு சவுக்குத் தோப்பு ஓரத்து வீட்டில் இருந்தது. சாம்பல் நிறம், துணிக் கூரை, கூரையை மடித்துவிட்டுத் திறந்த காராக ஓட்டலாம். அதன் சொந்தக்காரர் ஓய்வு பெற்ற கண் டாக்டர் அம்மா. எழுபதை நெருங்குகிறவர். மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நானும் கணவரும் போனோம். அந்த அம்மா முதலில் காரின் அழகைக் காட்டவில்லை. காருக்குள் கிடந்த கால்மிதியைத் தூக்கித் தரையைக் காட்டினார்.

“கடல் காத்தும்மா. ரெண்டு இடத்துல துரு தின்னுடுச்சு. தகடு வெட்டிப் போட்டு வெல்டு வைக்கணும். மறைச்சு விக்க எனக்கு வராது.”

“ஏன் விக்கறீங்க?” என்று கணவர் கேட்டார்.

“முட்டி போயிடுச்சு. உள்ள உக்காந்துடுவேன். வெளிய வர்றதுக்கு ரெண்டு ஆள் வேணும்.”

துரு எனக்குப் புதிதில்லை. ஆனால் தரைத்தகட்டில் துரு என்பது சின்ன விஷயமும் இல்லை. யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தோம். நான் உண்மையாகவே யோசித்தேன். மறுநாள் மத்தியானம் கேன்டீனில் அந்தப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் பின்னால் தட்டோடு வந்து நின்றார் என் மேலாளர்.

“அட, உங்களுக்கும் இந்தக் கிறுக்கு உண்டா மேடம்? சொல்லவே இல்ல பாருங்க!”

அவரிடமும் ஒரு ஜெர்மன் கார் இருந்தது. சிவப்பு நிறம், இரண்டு கதவு, பின்னால் பேருக்கு ஒரு சின்ன சீட். படூரில் அவருடைய அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் நிற்கிறது என்றார். ஜூனில் அவருக்குப் புனேவுக்கு மாற்றல். காரைக் கொண்டுபோகப் போவதில்லை. “நாளைக்கே வந்து பாருங்க. உங்க கையில போச்சுன்னா எனக்கு நிம்மதி.”

பார்ப்பதில் என்ன என்று போனேன். அந்தக் கார் பளபளத்தது. துரு ஒரு பொட்டு இல்லை. இன்ஜினை முடுக்கினால் முதல் தடவையிலேயே பிடித்தது. என் மனம் சாம்பல் காரை விட்டு நழுவுவதை நானே உணர்ந்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்தேன். பழைய காரைப் பார்க்கும்போது நான் எப்போதும் அப்படிச் செய்வேன். பெல்ட்டை யாரும் கடைசி வரை இழுப்பதில்லை. அதனால் அந்தக் கடைசி முழத்தை யாரும் கழுவுவதும் இல்லை.

அங்கே காய்ந்த சேற்றின் கோடு இருந்தது. ஒரே நேர்க்கோடு, தண்ணீர் நின்ற மட்டம். மூக்கருகே கொண்டுபோனேன். குளம் வற்றிய வாசனை. அந்தக் கார் ஏதோ ஒரு மழையில் ஜன்னல் அளவுக்குத் தண்ணீரில் நின்றிருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற காரை வெளியே எவ்வளவு பளபளப்பாக்கினாலும் உள்ளே ஒயர்களின் முனைகள் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே இருக்கும். அதுவும் இந்த வகைக் கார்களில் கதவுப் பூட்டையும் ஜன்னல்களையும் ஆட்டிவைக்கும் மின்பெட்டியைத் தரைவிரிப்புக்குக் கீழேதான் வைத்திருப்பார்கள். முதலில் நனைவது அதுதான்.

மேலாளர் கண்ணாடிக்கு வெளியே காபிக் கோப்பையோடு நின்று சிரித்தார். “எப்படி?”

நான் பெல்ட்டைக் கையிலிருந்து விட்டேன். அது சரசரவென்று உள்ளே போனது. “நல்லா இருக்கு சார்,” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொள்கிறேன். என் வருட மதிப்பீடு அவருடைய மேஜையில் இருந்தது. அந்த வருடம் எனக்குப் பதவி உயர்வுப் பேச்சும் இருந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. கோப்பையோடு நிற்கிற மனிதரைப் பார்த்து, அவருடைய வீட்டு வாசலில் வைத்து, உங்கள் பொருள் கெட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான். தொழிற்சாலையில் ஒரு கதவை நிராகரித்துக் கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் இருபது பேர் முன்னால் அவர் அறிவித்துவிட்டார். “நம்ம கதவு மேடம் என் காரை வாங்கறாங்க!” எல்லோரும் கை தட்டினார்கள். யாரோ ட்ரீட் எப்போது என்று கேட்டார்கள். நான் சிரித்தேன். சிரித்ததும் ஒப்புக்கொண்டது மாதிரி ஆகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரங்களும் எனக்கு மூச்சு முட்டியது. லிஃப்டில் வாழ்த்து, கேன்டீனில் வாழ்த்து. மேலாளர் தினமும் ஒரு தடவை வந்து, பேப்பர் எல்லாம் ரெடி, பேர் மாத்திடலாமா என்று கேட்பார். நான் ஒவ்வொரு நாளும் ஒரு சாக்குச் சொன்னேன். கணவருக்கு விடைத்தாள் திருத்தும் பணி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, நாள் நன்றாக இல்லை. நாள் நட்சத்திரம் பார்க்கிற ஆளே இல்லை நான்.

வீட்டில் கணவரிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“வேணாம்னு சொல்லிடு. முடிஞ்சது,” என்றார்.

“எப்படிச் சொல்றது?”

“வாயால.”

அவருக்குச் சுலபம். அவர் தன் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டுவிட்டு அதே பெஞ்சில் உட்கார்ந்து மோர் குடிப்பார். எனக்கு அந்த வித்தை தெரியாது. கடைசியில் தப்பிக்க ஒரு வழி என்று நினைத்து, “மகாபலிபுரத்துல இன்னொரு காரும் பாத்து வெச்சிருக்கேன் சார். ரெண்டுல எதுன்னு முடிவு பண்ண முடியல,” என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அவ்ளோதானா? சனிக்கிழமை என் கார்லயே போவோம். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பாத்துடலாம். நீங்களே ஓட்டுங்க.”

தப்பிக்கத் தோண்டிய பள்ளத்தில் நானே இறங்கி நின்றேன்.

கத்திரி வெயில் முடிந்தும் சூடு குறையாத சனிக்கிழமை அது. படூரிலிருந்து கிளம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போனோம். அந்தக் காரை ஓட்டியபோது கொஞ்ச நேரத்துக்கு எல்லாமே மறந்துபோனது உண்மை. வளைவுகளில் அது ரோட்டைக் கவ்விக்கொண்டு திரும்பியது. இவ்வளவு நன்றாக ஓடுகிற ஒன்றை வேண்டாம் என்று சொல்வதற்கு நான் யார் என்றுகூடத் தோன்றியது. ஒரே ஒரு தடவை, வழியில் என் பக்கத்து ஜன்னல் தானாகவே இரண்டு விரல்கடை இறங்கி மறுபடி ஏறியது. மேலாளர் அதைப் பார்த்தார். நான் பார்த்ததையும் பார்த்தார்.

டாக்டர் அம்மா வீட்டில் மேலாளர் முட்டி போட்டு, போன் வெளிச்சத்தைச் சாம்பல் காரின் அடியில் அடித்துப் பார்த்தார். “ஐயையோ, தரையே இல்லையே மேடம்! இதைப் போயா?”

“அதை நான் முதல் நாளே சொல்லிட்டேன் சார்,” என்றார் டாக்டர் அம்மா நாற்காலியில் இருந்தபடியே. பிறகு என்னைப் பார்த்து, “நீ ஏன்மா இன்னைக்கு வாயே தொறக்கல?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் மேல் பழியைப் போட்டேன்.

திரும்பும்போது மேலாளர் ஓட்டினார். முடிவு தெரிந்துவிட்டது, இனி யோசிக்க என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டே வந்தார். நெம்மேலி தாண்டி ரோட்டோரம் ஒரு பனைமரத்தடியில் நுங்குக் கடை இருந்தது. கடை என்றால் நாலு கழியில் கட்டிய ஓலை, கீழே குலைகள், ஒரு கத்தி, ஓர் அம்மா. “நுங்கு சாப்பிட்டு, அப்படியே கை குலுக்கிடலாம்,” என்று சொல்லி ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். கடைக்கு இருபது அடி தள்ளி, முழு வெயிலில்.

அவர் கதவுப் பிடியில் கை வைத்தார். அதே நேரம் இரண்டு கதவிலும் ‘டக்’ என்று சத்தம் கேட்டது.

பிடியை இழுத்தார். அது உயிரில்லாமல் கையோடு வந்தது. என் பக்கத்துப் பிடியும் அப்படியே. இந்த வகைப் பூட்டில் இரட்டைப் பூட்டு என்று ஒன்று உண்டு. திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை உள்ளே விட்டாலும் திறக்க முடியாதபடி உள்பிடியைத் துண்டித்துவிடும். வெளியே நின்று சாவியால் பூட்டினால்தான் அது விழும். நனைந்த மின்பெட்டிக்கு அந்த நியாயமெல்லாம் தெரியவில்லை.

சாவியை அமுக்கினார், ஒன்றுமில்லை. இன்ஜினை முடுக்கினார், பிடிக்கவில்லை. முகப்பு விளக்குகள் எல்லாம் ஒரு தடவை மின்னி அணைந்தன. ஜன்னல் இறங்கவில்லை. ஹார்ன் கூட அடிக்கவில்லை. வழியில் பழுதாகி நிற்கும் கார்களுக்கு வருகிற உதவி வண்டிக்கு அவர் போன் செய்தார். ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். நுங்கு அம்மா நிமிர்ந்து பார்த்தார். விரலைக் காட்டி, எத்தனை என்று சைகையில் கேட்டார். நான் இன்னும் பலமாகத் தட்டினேன். அவர் ஐந்து விரலையும் காட்டினார். பிறகு குனிந்து சீவ ஆரம்பித்துவிட்டார்.

அடைத்த காருக்குள் சூடு எப்படி ஏறும் என்று எனக்குத் தெரியும். வெயிலில் நிற்க வைத்து அளந்து எழுதியிருக்கிறேன். உள்ளே உட்கார்ந்து பார்த்ததில்லை. பத்து நிமிடத்தில் ஸ்டியரிங்கைத் தொட முடியவில்லை. மூச்சு இழுத்தால் சூடான துணியை வாயில் வைத்தது போல இருந்தது. மேலாளரின் சட்டை உடம்போடு ஒட்டிவிட்டது. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, மாத்திரை சாப்பிடுவதை அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன்.

“கண்ணாடியை உடைச்சிடலாம் சார்.”

“வேணாம். இதுக்குக் கண்ணாடி இங்க கிடைக்காது. வெளிநாட்டுலேருந்து வரணும். வண்டி வந்துடும், பொறுங்க.”

கொஞ்ச நேரம் கழித்து, முன்னால் ரோட்டைப் பார்த்தபடியே அவர் பேசினார். “நான் வாங்கும்போது எனக்கும் தெரியாது. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு மெக்கானிக்தான் சொன்னான், தண்ணில நின்ன வண்டின்னு.”

“பெல்ட்டைப் பாத்தேன் சார். முதல் நாளே.”

“உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். தெரிஞ்சவங்க கையில போனா சரி பண்ணிப்பீங்கன்னு…”

“தெரிஞ்சாலும் சொல்ல மாட்டேன்னும் நினைச்சீங்க. இல்லையா சார்?”

அவர் கண்ணை மூடி, தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார். உதடு வெளுத்திருந்தது. அவர் மேல் வந்த கோபத்தைவிட, அந்த வெளுப்பைப் பார்த்து வந்த பயம்தான் பெரிதாக இருந்தது.

அதற்குள் நுங்கு அம்மா ஓலையில் ஐந்து நுங்கோடு வந்து என் ஜன்னலருகே நின்றார். கண்ணாடி இறங்காததைப் பார்த்துக் குனிந்தார். “இன்னாம்மா, கதவு தொறக்கலியா?” அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. வெளியிலிருந்து பிடியை இழுத்துப் பார்த்தார். காலை ஊன்றி இழுத்தார்.

“உடைங்கம்மா!” என்று நான் கத்தினேன்.

மேலாளர் கண்ணைத் திறந்து கையை ஆட்டினார், வேண்டாம் வேண்டாம் என்று. அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “வண்டி யாருதும்மா? அவரு ஒடிக்காதேன்றாரு, நீ ஒடின்ற!”

நான் கண்ணாடியின் கீழ் மூலையில் விரலை வைத்துக் காட்டினேன். நடுவில் அடித்தால் தாங்கும், மூலையில் கூரான ஒன்றால் அடித்தால் தாங்காது. பிறகு துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். மேலாளரின் முகத்தையும் என் கையால் மறைத்தேன். அந்த அம்மா ஓடிப்போய்க் கத்தியோடு வந்தார். இரண்டாவது குத்தில் கண்ணாடி முழுதும் கற்கண்டு போல உதிர்ந்து என் மடியில் கொட்டியது. உள்ளே வந்த காற்றும் வெயில் காற்றுதான். ஆனாலும் அதை வாயால் குடித்தேன்.

ஜன்னல் வழியே என்னை அந்த அம்மா அக்குளில் கை கொடுத்து இழுத்தார். பிறகு இருவருமாக மேலாளரை இழுத்தோம். பனைமரத்தடியில் உட்கார வைத்து, அந்த அம்மா தன் குடத்துத் தண்ணீரையே அவர் தலையில் ஊற்றினார். என் முழங்கையில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நுங்கைக் கையில் கொடுத்துவிட்டு, காரைத் திரும்பிப் பார்த்தார் அந்த அம்மா.

“இம்மாம் பெரிய வண்டி செஞ்சிகீறானுங்க, உள்ளேருந்து தொறக்க ஒரு வழி வெக்கலியா?”

கதவு வேலை பார்க்கிற நான் குனிந்து நுங்கைத் தோண்டினேன்.

உதவி வண்டி வரும்வரை மேலாளரும் நானும் அங்கேயே இருந்தோம். அவருக்கு நிறம் திரும்பியது. “இதை நான் வாங்கல சார்,” என்றேன். வெளியே வந்த பிறகுதான் அந்த நாலு வார்த்தை வந்தது. தலையாட்டினார். “அடுத்து வாங்கறவங்ககிட்டயாவது தண்ணில நின்ன வண்டின்னு சொல்லிடுங்க.” அதற்கும் தலையாட்டினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் “மேடம் வேற கார் பாத்துட்டாங்க,” என்று மட்டும் சொன்னார். அந்த வருடம் என் மதிப்பீடு முந்தின வருடம் போலவே நடுவில் வந்தது. பதவி உயர்வு வரவில்லை. அந்தக் காரை வாங்கியிருந்தால் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அவர் புனேவுக்குப் போவதற்கு முன் சிவப்புக் கார் யாருக்கோ போய்விட்டது. வாங்கியவரிடம் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். அந்த ஒன்றிலிருந்து நான் இன்னும் வெளியே வரவில்லை.

சாம்பல் காரை உடனே வாங்கிவிடவில்லை. “அந்தாளு மேல இருக்கற கோவத்துல வாங்கறியா?” என்று கணவர் கேட்ட கேள்வி நியாயமாகப் பட்டது. ஒரு மாதம் விட்டேன். பிறகு தனியாக ஒரு சுத்தியலோடு போய், சவுக்கு நிழலில் மல்லாந்து படுத்து, அடித்தகட்டை அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்த்தேன். டாக்டர் அம்மா சொன்ன இரண்டு இடத்தோடு மூன்றாவது இடமும் ஒன்று இருந்தது. அவரிடம் சொன்னேன். “அது எனக்கே தெரியாதேம்மா,” என்று பதறினார். வாங்கிவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு பட்டறையில் பழைய தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைத்துப் பற்றவைத்தார்கள். கதவுப் பூட்டை நானே கழற்றி, உள்பிடியை எந்த நேரமும் திறக்கும்படி மாற்றிக் கட்டினேன். இன்றைக்கும் எந்தக் காரில் பூட்டு விழுகிற சத்தம் கேட்டாலும் என் கை தானாகப் பிடிக்குப் போகிறது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் கணவரும் கூரையை மடித்துவிட்டுத் திருக்கழுக்குன்றம் வழியாகப் போய்க்கொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. கூரையை ஏற்ற பொத்தானை அமுக்கினேன். பாதி வந்து நின்றுவிட்டது. முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. நனைந்துகொண்டே ஓட்டி, ஒரு பெட்ரோல் பங்க் கூரைக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். கணவரின் கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மடியில் வைத்திருந்த இட்லிப் பொட்டலம் ஊறிவிட்டிருந்தது.

“இன்னிக்கு அப்பாவோட ட்ரிப்பா இல்லாதது நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு பொட்டலத்தைப் பிரித்து, நனையாத இட்லியாகத் தேடி ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார்.